விசில் டீச்சர் படித்த ஸ்பானிஷ்

என் அம்மா எந்த மொழியில் பேசினாலும் அது ஆணையாகத்தான் வெளியே வரும். "எழுந்திரு. பல் தேய். சாப்பிடு. நேரா நில்லு." காலையில் நான் கண்ணைத் திறப்பதற்குள் நாலு ஆணை முடிந்திருக்கும். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயிரம் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஒரே குரலில் உட்கார வைத்து, ஒரே குரலில் எழுப்பியவள். ஊருக்கே அவள் விசில் டீச்சர். வேலையை விட்ட பிறகு விசில் கழுத்திலிருந்து இறங்கி, தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் அவள் மகள். ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடி அறையில் வகுப்பு. கொஞ்சம் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, கீழேயிருந்து ஏறி வரும் மருந்து வாசனை. கப்பல்காரர்களுக்குச் சீருடை தைக்கும் தையல்காரம்மா படிக்க வருவார். ஏன் படிக்கிறோம் என்று தனக்கே தெரியாத பேங்க்காரர் ஒருவர் வருவார். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள்.

அந்த வகுப்பில் ஒரு சாயங்காலம், முதல் வரிசையில், முதுகு நாற்காலியில் படாமல், என் அம்மா வந்து உட்கார்ந்தாள்.

"நீ எங்கம்மா இங்க?"

"வகுப்புல நீங்க எனக்கு டீச்சர். 'அம்மா'ன்னு கூப்பிடாதீங்க. பாடத்தை ஆரம்பிங்க."

என் வகுப்பை என் அம்மா ஆரம்பித்து வைத்தாள். பேங்க்காரர் எழுந்து நின்றே விட்டார். அவர் அம்மாவிடம் படித்தவராம்.

ஏன் திடீரென்று ஸ்பானிஷ் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு, "மூளை துருப்பிடிக்கக் கூடாது" என்றாள். நான் நம்பவில்லை. எனக்குக் காரணம் தெரியும். போன வாரம்தான் அண்ணனின் கல்யாணப் போட்டோவை அவளுக்குக் காட்டியிருந்தேன்.

அண்ணன் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். கணக்கு ஆபீஸில் நல்ல வேலையில் இருந்தவன் ஒரு நாள், "வேலைய விட்டுட்டேன். ஸ்பானிஷ் பேசற ஊருக்குப் போறேன். ரொட்டி சுடக் கத்துக்கப் போறேன்" என்றான். அம்மா ரொட்டியையும் திட்டினாள், அடுப்பையும் திட்டினாள், என்னையும் திட்டினாள், ஏனென்றால் அவனுக்கு அந்த மொழியில் முதல் நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்தவள் நான். கடைசியில் மைதானத்துக் குரலை எடுத்து, தெருவே கேட்கும்படி, "போ! திரும்பி வராதே!" என்றாள். அண்ணன் பெட்டியோடு விறைப்பாக நின்றான். காலைத் தட்டி, திரும்பி, நடந்தான். பழக்கதோஷம். போனவன் ஒன்பது வருஷமாக வரவில்லை.

கோபக்காரன் என்று நினைக்காதீர்கள். அவன் கீழ்ப்படிகிறவன், அதுதான் சங்கடம். அம்மாவின் மைதானத்தில் ஒரு சட்டம் உண்டு: கொடுத்த ஆணையைக் கொடுத்தவர்தான் திருப்பி எடுக்க வேண்டும். தப்பாகக் கொடுத்துவிட்டால் "பழைய நிலை" என்று அவரே சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நின்றவர் நின்றபடி நிற்க வேண்டும். ஒரு முறை, அவளிடமே படித்த அண்ணனின் வகுப்பை "கை தூக்கு" என்று நிறுத்திவிட்டு, தலைமையாசிரியர் கூப்பிட்டார் என்று உள்ளே போனவள் சுத்தமாக மறந்துவிட்டாள். மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அண்ணன் மட்டும் தூறலில் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றான். நான் மரத்தடியில் நின்று, "கையை இறக்குடா, லூசு" என்று கத்தினேன். இறக்கவில்லை. அம்மா வந்து பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "பழைய நிலை" என்றாள். அவள் அதைச் சொல்லி ரொம்ப வருஷத்துக்கு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வீட்டுக்கு வந்து அவன் தோளில் தைலம் தேய்த்தாள், அதையும் "திரும்பு, கையை நீட்டு" என்று ஆணை போட்டுக்கொண்டேதான்.

அப்படிப்பட்டவனிடம் "வராதே" என்று சொன்னால் வருவானா? அவள் ரத்து செய்வாள் என்று அவன் காத்திருந்தான். அவன் வந்தால் ரத்து செய்யலாம் என்று அவள் காத்திருந்தாள். நடுவில் நான், ரெண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம். அவன் போனில் "டீச்சர் எப்படி இருக்காங்க?" என்பான். அம்மா என்று சொல்ல மாட்டான். இவள் பாத்திரத்தைத் தேய்த்தபடி, "அந்த ரொட்டிக்காரன் நல்லா இருக்கானா?" என்பாள். மகன் என்று சொல்ல மாட்டாள். ரெண்டு பேரையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டிவிடலாமா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

கல்யாணப் போட்டோவை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். பெண் கப்பல் பட்டறையில் வெல்டர் என்று சொன்னேன். திட்டப் போகிறாள் என்று காதைத் தயார் செய்துகொண்டேன்.

"நிமிந்து நிக்கறா. நல்ல தோள்," என்றாள் அம்மா. அவளிடமிருந்து அது பெரிய பட்டம்.

அடுத்த வாரம் ஸ்பானிஷ் வகுப்பு. ஆக, மருமகளை மேய்ப்பதற்கு மொழி படிக்க வந்திருக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். அதற்கு ஏற்ற மாதிரி, "என் பெயர் இது, என் ஊர் அது" பாடத்திலெல்லாம் தூங்கிவழிந்தவள், கட்டளைப் பாடம் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

பலகையில் levanta என்று எழுதினேன்.

"லெவான்தா. 'தூக்கு'ன்னு அர்த்தம். அழுத்தம் நடுவுல, 'வான்'ல இருக்கு. இதுக்குப் பின்னாடி 'தே'ன்னு ஒரு வால் ஒட்டினா, 'உன்னையே தூக்கு', அதாவது 'எழுந்திரு'. வால் ஒட்டினதும் வார்த்தை நீளமாயிடும். சும்மா விட்டா அழுத்தம் ஒரு படி பின்னால நழுவிடும். நழுவாம இருக்க 'வான்' மேல ஒரு சின்னக் கோடு."

levántate என்று எழுதி, கோட்டைச் சிவப்பில் போட்டேன்.

பேங்க்காரர் கை தூக்கினார். "மேடம், 'தே'ன்னு முடியறதால எனக்கு 'எழுந்திருக்காதே'ன்னு சொல்ற மாதிரியே கேக்குது."

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். தமிழ்க் காதின் குற்றம், ஸ்பானிஷ் என்ன செய்யும்? மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். தையல்காரம்மா, "கோடு எதுக்குன்னுதான் இன்னும் புரியல" என்றார். மூன்றாவது தடவையும் விளக்கினேன். வகுப்பு முழுக்க எருமை மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

அம்மா எழுந்து நின்றாள். "டீச்சர், நான் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "வரிசையில புதுசா ஒரு பிள்ளை வந்து கடைசியில சேருதுன்னு வெச்சுக்கங்க. உடனே எல்லாரும் தள்ளித் தள்ளி நிப்பாங்க. நடுவுல நின்னவன் இடம் மாறிடுவான். மாறக் கூடாதுன்னா, அவன் காலடியில சாக்பீஸ்ல ஒரு கோடு போடுவேன். 'யார் வந்தாலும் நீ இங்கதான்'னு. அந்தக் கோடுதான் இந்தக் கோடு. உக்காரலாமா, டீச்சர்?"

வகுப்பே "ஆஹா" என்றது. வருஷக்கணக்காக நான் தொண்டைத் தண்ணி வற்ற நடத்துகிற பாடம் அது. எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்வது! இப்போது நானும் அப்படித்தான் நடத்துகிறேன், அது வேறு விஷயம்.

புரிந்தது சரி, வாய்க்கு வரவில்லை. அவள் தொழில் வாயைக் கெடுத்து வைத்திருந்தது. மைதானத்து ஆணையில் முன்பாதியை இழுத்து, கடைசி எழுத்தில் போட்டு அடிக்க வேண்டும்: "எழுந்...திரு!" ஸ்பானிஷையும் அப்படியே அடித்தாள். "லெவான்தா...தே!" கீழேயிருந்து மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து, "யாருக்காவது மயக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உட்காரு என்பதற்குச் "சியென்தாதே" சொல்லிக்கொடுத்தேன், அதுவும் "தே!"யில் வெடித்தது. கோட்டை விளக்கியவளே கோட்டை மதிக்கவில்லை.

"கடைசியில அடிக்காதம்மா. ரெண்டாவது எழுத்துல அழுத்து."

"கடைசியில அடிக்காம எப்படி ஒருத்தன் எழுந்திருப்பான்?"

என்றாலும் விடவில்லை. 'கொடு' என்பதற்கு 'தா' என்றதும், "நம்ம தா தானே!" என்று குதூகலப்பட்டாள். 'எனக்குக் கொடு' என்றால் 'தாமே', அதற்குக் கோடு வேண்டாம், 'அதை எனக்குக் கொடு' என்றால் 'தாமெலோ', அதற்குக் கோடு வேண்டும் என்றேன். "ஒரு ஆள் கூடினா சமாளிச்சுக்கலாம், ரெண்டு பேர் கூடினா கோடு போட்டுத்தான் ஆகணும். வீட்லயும் அப்படித்தான்," என்றாள். தையல்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார், அவர் வீட்டில் இரண்டு மருமகள்கள். பிறகு வரிசையாகக் கேள்வி: 'சாப்பிடு'வுக்கு என்ன, 'தூங்கு'வுக்கு என்ன, 'அவனைக் கூப்பிடு'வுக்கு என்ன, 'என்னை மன்னிச்சிடு'வுக்கு என்ன. கடைசியாகக் கேட்டது மன்னிப்பு என்பதால் எனக்குச் சுருக்கென்றது. மருமகள் எப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுவரை இப்போதே ஒத்திகையா? கேட்கிற பழக்கம் இவளுக்குக் கிடையாது, கேட்க வைக்கிற பழக்கம்தான் உண்டு. பலகையில் எழுதிப்போட்டுவிட்டு மேலே போனேன்.

வகுப்பு முடிந்ததும், "இந்த மாசக் கடைசியில 'செய்யாதே' பாடம். இதை விடக் கஷ்டம். வால் பிச்சுக்கிட்டு முன்னால போயிடும். யாரும் லீவு போடாதீங்க," என்றேன்.

"அந்தப் பாடம் எனக்கு வேண்டாம்," என்றாள் அம்மா.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

'இதைச் செய்யாதே, அதைத் தொடாதே' என்று சொல்லாமல் ஒரு மாமியார் எப்படிக் காலம் தள்ளுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தான். நம் துறைமுகத்துப் பட்டறையில் புது வகை வெல்டிங் சொல்லிக்கொடுக்க அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கூட அவனும் வருகிறான்.

"எங்க தங்கறீங்க?"

"கம்பெனி ரூம்ல."

"வீட்டுக்கு?"

"எப்படி வர முடியும்? உனக்குத் தெரியாதா?"

"அந்த ஆர்டரை இன்னுமா பிடிச்சுக்கிட்டு நிக்கற? வயசு என்ன உனக்கு?"

"வயசுக்கும் ஆர்டருக்கும் என்ன சம்பந்தம்? அவங்க வாயால சொல்லட்டும்."

அம்மா பெற்ற பிள்ளை. சண்டை போட்டுப் பயனில்லை என்று, "சரி, என் வகுப்புக்காவது வாங்க. அண்ணி எங்க ஆளுங்களோட கொஞ்சம் பேசட்டும்," என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றான். பிறகு குரல் தாழ்ந்தது. "இங்க பாரு. இவ்வளவு தூரம் வந்தும் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லலன்னா, இனிமே நான் இந்த ஊருக்கு வர மாட்டேன். நீதான் அங்க வந்து பாக்கணும். எனக்கு இதுக்கு மேல நின்னுக்கிட்டே இருக்க முடியல."

தூறலில் கை தூக்கி நின்ற பையன்தான் பேசினான். அம்மாவும் என் வகுப்பில்தான் படிக்கிறாள் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வர மாட்டான்.

அம்மாவிடம் மறைக்க முடியுமா? "இந்த வாரம் வகுப்புக்கு ஒரு விருந்தாளி" என்று ஆரம்பித்ததுமே, "நிமிந்து நிக்கறவளா?" என்றாள்.

"ஆமா."

"அவன்?"

"கூட வர்றான். வராந்தாவுலதான் உக்காருவான்."

அம்மா பரண் மேலிருந்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை இறக்கி, பாலிஷ் போட ஆரம்பித்தாள். ஓய்வு பெற்ற பிறகு அதை அவள் தொட்டதே இல்லை. மருமகளை வகுப்பிலேயே நிறுத்தி, நேராக்கி, நடக்க விட்டுப் பார்க்கப்போகிறாள். வராந்தாவில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் எழுந்து போய்விடுவான். கதை முடிந்துவிடும்.

"அம்மா, இந்த ஒரு நாள் மட்டும் நீ வராம இருந்தா..."

"ஆப்சென்ட் போடறியா? போடு பாக்கலாம்."

அந்த நாள் வந்தது. அம்மா எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். படியில் காலடி கேட்டது. முதலில் அண்ணி வந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட உயரம், கையில் பழைய தீக்காயங்கள், முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கட்டிக்கொண்டபோது விலா எலும்பு நொறுங்காதது அதிர்ஷ்டம். பின்னால் அண்ணன். முன் தலை லேசாகி, கொஞ்சம் சதை போட்டிருந்தான். சிரித்தபடி வந்தவன் என் தோளுக்கு மேலே பார்த்தான். நாற்காலியில் படாத ஒரு முதுகு தெரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

துரோகி என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். கீழே இறங்கிப் போகப்போகிறான் என்று நினைத்தேன். போகவில்லை. வராந்தா பெஞ்சில், கதவுக்குப் பக்கவாட்டில், உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் காது சிவந்திருந்தது.

அண்ணி பேசுவதைவிட விளையாடுவோம் என்றாள். எல்லோரும் ஆளுக்கொரு கட்டளை கொடுங்கள், நான் செய்கிறேன். கட்டளைப் பாடம் முடித்த வகுப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? பேங்க்காரர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார், திறந்தாள். தையல்காரம்மா "சியென்தாதே" என்றார், அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு கலகலத்தது. பிறகு "லெவான்தாதே" என்று அவளை எழுப்பினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் முறை நெருங்கிக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்தாள். சேலையைச் சரி செய்தாள். ஷூக்கள் இரண்டையும் ஒட்டி வைத்தாள். அண்ணிக்கு இவள் யார் என்று தெரியாமலில்லை. போட்டோவில் பார்த்திருப்பாள். அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன்னை அறியாமலே நேராக நின்றாள். வெல்டரும் விசில் டீச்சரும் எதிரெதிரே. நான் மார்க்கர் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யாமலோ," என்றாள் அம்மா.

அவனைக் கூப்பிடு.

அழுத்தம் சரியாக முதல் எழுத்தில் விழுந்தது, நான் பலகையில் கோடு போட்டிருந்த இடத்தில். அண்ணி ஒரு கணம் அம்மாவையே பார்த்தாள். பிறகு கதவுக்குப் போய், அண்ணனைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் எழுந்து வரும் சத்தம் கேட்டது. கதவு வரைக்கும் வந்தான். வாசல்படியில் நின்றான். அதற்கு மேல் கால் வரவில்லை.

அம்மா இப்போது திரும்பினாள். ஒன்பது வருஷம் கழித்து ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், வரிசையில் நிற்கும் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமல் எனக்குத் தெரியும், மைதானத்துக் குரலுக்கு முந்தைய செருமல். போச்சு என்று நினைத்தேன்.

"பெர்தோனா...மே!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே மருந்துக்கடையில் ஏதோ விழுந்தது. என்னை மன்னித்துவிடு என்பதை யாரும் உலகத்தில் அவ்வளவு பெரிய அதட்டலாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் பயந்து எழுந்தே நின்றுவிட்டார்கள். அண்ணன் அசையவில்லை. என்ன கேட்டோம் என்றே அவனுக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

ஆனால் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு வரிசையாகக் கேட்ட கேள்விகளில் கடைசிக் கேள்வி யாருக்காக என்று அந்த நொடியில்தான் புரிந்தது. தமிழில் அந்த வார்த்தை அவள் வாயில் வராது. வந்ததே இல்லை. வராத வார்த்தைக்கு வேறு மொழியில் இடம் தேடி என் வகுப்புக்கு வந்திருக்கிறாள். கட்டளைப் பாடத்தில் கிடைத்துவிட்டது.

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். இந்த முறை செருமவில்லை.

"பெர்தோனமே," என்றாள். மெதுவாக, நடுவில் மட்டும் அழுத்தி. முன் வரிசை தாண்டிக் கேட்டிருக்காது.

அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அண்ணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவன் விலாவில் ஒரு இடி இடித்து, "கோன்தேஸ்தலே!" என்றாள். அவங்களுக்குப் பதில் சொல். அவளும் ஆணை போடுகிறவள்தான் என்று அப்போது தெரிந்தது.

"டீச்சர்," என்றான் அண்ணன், தமிழில். குரல் உடைந்திருந்தது. "நீங்க குடுத்த ஆர்டர் இன்னும் அப்படியே இருக்கு."

அம்மாவின் தாடை நடுங்கியது. நான் அதைப் பார்த்ததே இல்லை.

"பழைய நிலை," என்றாள்.

அண்ணன் காலைத் தட்டவில்லை. அவன் தோள் இரண்டும் கீழே இறங்கின, அவ்வளவுதான். வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தான். "அம்மா," என்றான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள், மறுபடி சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது.

"அப்பாடா" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். மேஜை மேலேயே உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷம் ஒரு பாரத்தை இந்தத் தோளிலும் அந்தத் தோளிலும் மாற்றி மாற்றிச் சுமந்து, இறக்கி வைத்தால்தான் தெரிகிறது எவ்வளவு கனம் என்று. தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது, ஆனாலும் அழுதார்.

பேங்க்காரர் மட்டும் பாடத்திலேயே இருந்தார். "மேடம், 'பழைய நிலை', அது ஸ்பானிஷ்ல எப்படி? கோடு எங்க வரும்?"

"அதுக்குக் கோடு கிடையாது சார்," என்றேன்.

அன்றைக்கு எல்லோருமாக வீட்டுக்கு நடந்தோம். அண்ணன் வாசல் கேட்டுக்கு முன்னால் ஒரு நொடி தயங்கினான். அம்மா திரும்பிப் பார்க்காமலே, "செருப்பை ஓரமா விடு. கைகால் கழுவு," என்றாள். வேறு வரவேற்பு தேவைப்படவில்லை.

உள்ளே போனதும் அண்ணி மேல் ஆணை மழை. சியென்தா...தே! தாமெ...லோ! அது அண்ணி கையிலிருந்த பைக்கு. சாப்பிடு, இன்னும் சாப்பிடு, தூங்கு. எல்லாம் மறுபடியும் கடைசி எழுத்தில்தான் வெடித்தன. அண்ணி ஒவ்வொன்றுக்கும் சிரித்துச் சிரித்துக் கீழ்ப்படிந்தாள். நடுவில் அண்ணனிடம் ஏதோ சொன்னாள்.

"என்னடா சொல்றா?" என்றாள் அம்மா, உஷாராக.

"அவங்க அம்மாவும் இப்படித்தானாம். வாயத் தொறந்தா ஆர்டர். இங்க வந்தா அந்நியமா இருக்கும்னு பயந்துக்கிட்டே வந்தாளாம். பயம் போயிடுச்சாம்."

மருமகளை மேய்க்கப்போகிறாள் என்று பயந்தேனே, அந்த ஆணைகளை எண்ணிப் பார்த்தேன். உட்காரு, கொடு, சாப்பிடு, தூங்கு. ஒன்றுகூட அம்மாவுக்கு ஆக வேண்டிய காரியமில்லை. எல்லாம் அடுத்தவர் வயிற்றுக்கும் முதுகுக்கும் ஆனவை. எனக்குக் காலையில் போடும் நாலு ஆணையும் அதே ரகம்தான். இத்தனை வயசில் அதைக் கண்டுபிடித்ததற்கு எனக்கு நானே ஒரு கொட்டு வைத்துக்கொண்டேன்.

அண்ணன் தான் கொண்டுவந்த ரொட்டியை வெட்டித் தட்டோடு அம்மாவிடம் நீட்டினான். அவள் சமையலறைக்குள் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு துண்டைத் தின்றாள். பிறகு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.

"ரொட்டிக்காரன் பரவாயில்லையா?" என்றேன்.

"என் மகன் சுட்டது. நல்லாத்தான் இருக்கும்."

"அம்மா, அடுத்த வாரம் 'செய்யாதே' பாடம். கொஞ்சமாவது வந்து கேளேன். இல்லன்னா பாதிதான் படிச்ச மாதிரி."

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அண்ணன் சின்ன வயசில் உட்காரும் அதே மூலையில், சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நேராக உட்காரு என்று அம்மா சொல்லவில்லை.

"அந்தப் பாடத்துல ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்," என்றாள். "அதைத் திருப்பி எடுக்க ஒன்பது வருஷம் ஆச்சு. எனக்கு அது போதும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அம்மா ஒரு தட்டை எடுத்து என் கையில் திணித்தாள்.

"நீயும் வந்து உக்காரு. சாப்பிடு."

உட்கார்ந்தேன்.